ராக் இசையில் உங்களுக்குப் பிடித்த பாடகி யார்? அந்தக் குரலில் அப்படி என்ன இருக்கிறது?

எனக்கு டோலரஸ் ஓ'ரியோர்டன்தான். அயர்லாந்தின் லிமெரிக் பக்கத்துப் பெண், கிரான்பெரீஸ் என்ற ராக் குழுவின் பாடகியாக இருந்தவர். 1994-இல் வந்த 'ஜாம்பி' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். 1993-இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் குண்டு வெடித்து இரண்டு சிறுவர்கள் இறந்ததை நினைத்து அவரே எழுதியது. ஆரம்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல மெதுவாகத்தான் பாடுவார், பல்லவி வந்ததும் நெஞ்சிலிருந்து வருகிற கனத்த குரல் சட்டென்று உடைந்து மேலே மெல்லிய தலைக்குரலுக்குத் தாவும், அடுத்த நொடியே கீழே விழும். அந்த உடைசல் வெளியே தெரியாமல் பாடத்தான் பொதுவாகக் குரல் பயிற்சியே கொடுப்பார்கள். இவர் அதையே பாட்டாக்கிவிட்டார். அயர்லாந்தில் சாவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது, எனக்கு அந்தச் சாயல்தான் கேட்கிறது. சொந்த ஊர் உச்சரிப்பையும் அவர் விடவில்லை.

அப்புறம் ஜானிஸ் ஜாப்ளின். டெக்சாஸ்காரர். இவருடையது முழுக்க கரகரப்பு. கத்தும்போது ஒரே தொண்டையில் இரண்டு சுரம் சேர்ந்து ஒலிப்பதுபோல இருக்கும், ஆனால் சுருதி எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கும். வெறும் கத்தல் என்று சொல்கிறவர்கள் 1967-இல் அமெரிக்காவில் நடந்த மான்டெரே இசை விழாவில் அவர் பாடிய வீடியோவை ஒருமுறை பார்க்கட்டும், பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்த பாடகி காஸ் எலியட்டே வாயைப் பிளந்து பார்ப்பது தெரியும். 1970-இல், 27 வயதில் போய்விட்டார்.

இரண்டு பேரின் பாட்டையும் ஹெட்போனில் கேளுங்கள், மூச்சு இழுக்கிற சத்தம்கூடக் கேட்கும்.