பழைய காருக்கு பிரேக் பாகங்களை ஆன்லைனில் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் 1960-களில் வந்த கார் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார். வீல் சிலிண்டர் (பெடலை அழுத்தும்போது சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் பாகம்) கசிகிறதாம். மாடலையும் ஆண்டையும் கொடுத்து ஆன்லைனில் ஆர்டர் போட்டால் சரியான பாகம் வருமா என்று கேட்கிறார்.

வாங்கலாம், நானும் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். ஆனால் பழைய பாகத்தைக் கழற்றி, துடைத்து, அளந்து பார்க்கும்வரை ஆர்டர் போடாதீர்கள். மாடலும் ஆண்டும் போதாது. அந்தக் காலத்தில் ஆண்டு நடுவிலேயே சிலிண்டர் அளவை மாற்றிவிடுவார்கள். ஆவணத்தில் இருப்பது கார் தயாரான ஆண்டாக இல்லாமல் பதிவான ஆண்டாகவும் இருக்கலாம். போதாததற்கு, இத்தனை வருடத்தில் காரை வைத்திருந்த யாரோ ஒருவர் வேறு மாடலின் ஆக்சிலையே மாட்டியிருக்கவும் கூடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பக்க வலது சக்கரத்தில் கசிவு. ஆண்டைச் சொல்லி ஒரே ஒரு சிலிண்டர் வரவழைத்தேன். போல்ட் துளைகள் பொருந்தின, குழாயும் பொருந்தியது, மாட்டிவிட்டேன். முதல்முறை கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்ததும் கார் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அந்த நேரம் பக்கத்தில் வேறு வண்டி இல்லை, அதனால் தப்பித்தேன். கழற்றி அளந்தால், இடது பக்கத்தின் உள்விட்டம் 3/4 அங்குலம், புதியது 7/8 அங்குலம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. விட்டத்தில் இது சின்ன வித்தியாசம்தான். ஆனால் தள்ளும் விசை பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது, கணக்குப் போட்டால் அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் 36 சதவீதம் கூடுதல். அன்றிலிருந்து ஒரு ஆக்சிலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்தே வாங்குகிறேன். பல சிலிண்டர்களில் உள்விட்ட அளவு வார்ப்பிலேயே பொறித்திருக்கும். இல்லையென்றால் வெர்னியர் அளவுகோலை வைத்து துளையை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, பிரேக் குழாயைச் சிலிண்டரின் துளையில் இறுக்கும் நட்டின் மரை. 3/8 அங்குலத்தில், அங்குலத்துக்கு 24 மரை உள்ள நட்டும், 10 மில்லிமீட்டரில், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி (பிட்ச்) உள்ள நட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் லேசான ஆட்டத்தோடு ஏறிவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். பிரேக் அழுத்தத்தில் மரை பிய்த்துக்கொண்டு வரும். பிட்ச் கேஜ் சின்னக் கருவிதான், அதை வைத்துப் பார்த்துவிடுங்கள். குழாய் முனையை அகல விரித்திருக்கும் வடிவம் (ஃப்ளேர்) எந்த வகை என்பதையும் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள்.

விளம்பரங்களில் “பயன்படுத்தாத பழைய சரக்கு, ஒரிஜினல் பெட்டியுடன்” என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியைப் பார்த்ததும் ஆசை வரும், எனக்கும் வரும். இரும்பு, அலுமினிய பாகமென்றால் வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். நாற்பது வருட ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வெடித்திருக்கும். சில சமயம் உள்சுவர் உப்பி துளையை அடைத்துவிடும். அழுத்தும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். சிலிண்டரை மாற்றியும் சக்கரம் சூடாகிறதென்றால் முதலில் ஹோஸைப் பாருங்கள். பெரும்பாலான புது ஹோஸ்களில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பழைய பெட்டியில் வரும் பிரேக் ஷூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூளைக் காற்றால் ஊதவே கூடாது.

சரி, பிரேக் ஆயில். டாட் என்பது அதன் தரக் குறியீடு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. 5-க்கும் 5.1-க்கும் பெயரில்தான் நெருக்கம். இன்னொரு ஆபத்து மினரல் ஆயில். சித்ரோயன் டி.எஸ். கார் 1960-களின் பிற்பகுதியில் சிவப்பு ஆயிலிலிருந்து பச்சை மினரல் ஆயிலுக்கு மாறியது, கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களும் மாறின. ஒன்றின் சீலை மற்றதில் போட்டால் ரப்பர் கெட்டுவிடும். அதனால் சீல் கிட் வாங்கும்போது எந்த ஆயிலுக்கானது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பார்சல் வந்த அன்றே பிரித்து, பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்துவிடுங்கள். ஆயில் பட்ட பாகத்தைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அப்புறம், பழைய சிலிண்டரை எறியாதீர்கள், புதியதற்கு மாற்றாக விற்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம். சரியான பாகம் எங்கும் கிடைக்காவிட்டால், அதன் துளையைக் கடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்குழாய்) ஏற்றித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. என் காரில் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அப்படிச் செய்ததுதான்.