கையில் பழுக்கும் சீட்டுகள்: பேட்டன் கைட்டோஸ் கேள்வி பதில்

பேட்டன் கைட்டோஸ் என்ற வீடியோ கேமை மூன்று முறை முடித்திருக்கிறேன். முதல் முறை அண்ணன் யாரிடமோ வாங்கி வந்த பழைய நிண்டெண்டோ கேம்க்யூபில், அடுத்த இரண்டு முறை கையில் வைத்து ஆடும் நிண்டெண்டோ ஸ்விட்சில். கேள்வி அனுப்பியவர்களில் பாதிப் பேர் "பிடிக்கிறது, ஆனால் கோபமாக வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அக்கா, இது சீட்டு விளையாட்டா, கதை விளையாட்டா? (பெகு, கல்லூரி மாணவர்)

இரண்டும்தான் தம்பி. மோனோலித் சாஃப்டும் ட்ரை-கிரெசெண்டோவும் சேர்ந்து செய்து, நாம்கோ 2003 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. வானத்தில் மிதக்கும் தீவுகள், முதுகில் சிறகு விரிக்கும் மனிதர்கள். அந்த உலகத்தில் ஒரு பொருளின் சாரத்தை 'மேக்னஸ்' என்ற சீட்டுக்குள் அடைத்துவிடலாம். வாளும் சீட்டு, கவசமும் சீட்டு, வாழைக்காயும் சீட்டு. இதில் நீங்கள் கதாநாயகன் கலாஸ் இல்லை, அவனோடு கூடவே இருக்கும் காவல் ஆவி. அவன் அவ்வப்போது உங்களைப் பார்த்தே பேசுவான், கருத்துக் கேட்பான். இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கள். பெயர் ஒரு நட்சத்திரத்தின் பெயர். அரபியில் 'திமிங்கிலத்தின் வயிறு' என்று பொருள்.

நல்ல வாள் எல்லாம் வைத்திருக்கிறேன். பாஸ் (பெரிய எதிரி) எதிரே நிற்கும்போது கைக்கு வருவதோ பழமும் கவசமும். வெறும் அதிர்ஷ்டம்தானே இது? (யாங்கோன், அலுவலக ஊழியர்)

அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரம்மி ஆடத் தெரிந்தவர் ஒருவர் இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டார். என் அப்பா கைச்சீட்டை எடுத்ததும் முதலில் அடுக்குவார், அப்புறம்தான் எதை இறக்குவது என்று யோசிப்பார். இந்த கேமிலும் அதே பழக்கம் வேண்டும்.

ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் எண் இருக்கும். சில சீட்டுகளில் ஒன்றுக்கு மேல் இருக்கும், எந்த எண்ணோடு போடுவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒரே எண்ணை ஜோடி சேர்த்தாலோ, 1, 2, 3 என்று வரிசையாக இறக்கினாலோ அடியின் பலம் கூடும். யோசிக்க நேரம் குறைவு என்பதால் முதலில் கை பதறும். கொஞ்ச நாளில் கண் தானாக வரிசை தேடும். அந்த நாள் வந்துவிட்டால் இந்த கேமை விட மாட்டீர்கள்.

உங்களை அடிப்பது அதிர்ஷ்டம் இல்லை, சீட்டுகளுக்குள் இருக்கும் நெருப்பு, நீர் போன்ற சக்திகள் என்று நினைக்கிறேன். நெருப்புக்கு நீர், ஒளிக்கு இருள், காற்றுக்குக் காலம் எதிரி. ஒரே கையில் நெருப்பு வாளும் நீர் வாளும் போட்டால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். எத்தனை சீட்டு இறக்கினாலும் அடி விழாது. கலாஸுக்கும் அவன் கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டுக்கட்டு இருக்கிறது. ஒருவர் கட்டில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டை வைக்காதீர்கள். கூட்டாளிகளில் கிபாரிக்கு ஒன்று, ஷெல்ஹாவுக்கு வேறு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். (கிபாரி துடுப்பால் அடிக்கும் மீனவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் மியான்மரின் இன்லே ஏரிப் படகுக்காரர்கள் ஞாபகம்தான்.)

என் மகன் சேர்த்து வைத்த பழம் கெட்டுப்போய்விட்டதாம், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். கேமில் பழம் எப்படியம்மா கெடும்? (மோல்மேன், ஒரு தாய்)

கெடும் அம்மா, அதுதான் இதன் அழகே. வாழைக்காய் கையிலேயே பழுக்கும். பழுத்ததை வைத்துக்கொண்டே இருந்தால் அழுகும். உடல் தேற்றும் சீட்டு வீணாய்ப் போனதே என்று பையன் அழுகிறான். அழுகிய உணவை எதிரி மேல் வீசலாம் என்று அவனிடம் சொல்லுங்கள், எழுந்து சாப்பிட வருவான்.

கேம் ஓடும் நேரம்தான் கணக்கு. சீக்கிரம் மாறும் சீட்டும் உண்டு, பொறுமையைச் சோதிக்கும் சீட்டும் உண்டு. ஷாம்பு சீட்டு அழகிய கூந்தலாக மாற 336 மணி நேரம், அதாவது முழுதாக 14 நாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட மேக்னஸையும் சேர்த்தே தீருவேன் என்பவர்களை அழவைப்பது இதுதான். அது வேண்டாத ஆசை என்பது என் கருத்து. தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத சீட்டுகளும் இருக்கின்றன. முதல் முறை கணக்குப் பார்க்காமல் கதையோடு போகட்டும்.

எத்தனை சண்டை போட்டும் லெவல் ஏறவில்லை. என் கேமில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. சேவ் செய்யும் இடங்களில் பூ இருக்கும். நீலப் பூ இருக்கும் இடத்திலிருந்து தேவாலயத்துக்குப் போய்ப் பிரார்த்தனை செய்தால்தான் லெவல் ஏறும். சிவப்புப் பூவில் சேவ் மட்டும்தான். கட்டின் அளவைக் கூட்டும் 'கிளாஸ்' உயர்வும் தேவாலயத்தில்தான்.

காசே வருவதில்லையே? (மாண்டலே)

எதிரியை அடித்தால் காசு வராது. கேமரா சீட்டை ஒவ்வொருவர் கட்டிலும் ஒன்றாவது வையுங்கள். சண்டை நடக்கும்போதே எதிரியைப் படம் பிடித்து, பிறகு கடையில் விற்க வேண்டும். எடுத்த உடனே விற்றுவிடாதீர்கள், படம் துலங்க நேரம் ஆகும். பாஸ் படங்களுக்கு நல்ல விலை.

இங்கே கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. இந்த கேமை நம்பி ஆடலாமா அக்கா? (யாங்கோன், லத்தா)

தம்பி, இந்த வேதனை எனக்கு நன்றாகத் தெரியும். கேம்க்யூபில் ஆடிய காலத்தில், ஒரு திஞ்சான் (மியான்மர் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) விடுமுறையில் ஊரே தெருவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, நான் உள்ளே ஒரு பாஸோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசி அடி விழும் நேரத்தில் கரண்ட் போனது. கடைசியாக சேவ் செய்த பூ வெகுதூரம் பின்னால். அன்று மட்டும் இல்லை, அந்த வாரம் முழுவதும் அதைத் தொடவில்லை.

அதனால் சொல்கிறேன், 2023-இல் ஸ்விட்சுக்கு வந்த புதுப்பதிப்பை வாங்குங்கள். தானாக சேவ் ஆகும் வசதி சேர்த்திருக்கிறார்கள். கையில் வைத்து ஆடுவதால் பேட்டரி இருக்கும்வரை கவலை இல்லை. கரண்ட் வந்ததும் முதல் வேலையாக சார்ஜில் போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் கணினி கேம்கள் விற்கும் ஸ்டீமிலும் வந்தது. ஆனால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மேசைக் கணினியை நம்பாதீர்கள்.

புதுப்பதிப்பில் ஒரே அடியில் எதிரியைக் கொல்லும் வசதி இருக்கிறதாமே, போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், பழைய பதிப்பில் ஒவ்வொரு சண்டையும் ஆமை மாதிரி நகரும். வழி தேடும்போது எதிரி வராமல் நிறுத்திக்கொள்வதிலும் தப்பில்லை. ஆனால் ஒரே அடியில் கொன்றால் சீட்டை அடுக்கவே தேவை இருக்காது. அப்புறம் எதற்கு இந்த கேம்? இன்னொன்று, பழைய ஆங்கிலக் குரல் இதில் இல்லை. ஜப்பானியக் குரல்தான், எழுத்து மட்டும் ஆங்கிலத்தில் வரும். அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது பாகத்தை முதலில் ஆடலாமா? கதை முந்திய காலத்தில் நடக்கிறது என்கிறார்கள்.

காலத்தில் முந்தியதுதான், ஆனால் 2006-இல் வந்த அது முதல் பாகத்தின் ரகசியங்களைத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. அதில் சண்டையிடும் மூன்று பேருக்கும் ஒரே சீட்டுக்கட்டு. சீட்டுகளை எண் ஏறும் வரிசையில்தான் இறக்க வேண்டும். சண்டை அங்கே இன்னும் விறுவிறுப்பு, நானே ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் முதலில் கலாஸிடம் போங்கள்.