வாசகர் கேள்வி-பதில்: ஒரு பாட்டில் நீர் எதைச் சொல்லும்?

கேள்வி: ஐயா, எங்கள் கிணற்று நீர் உவர்ப்பேறித் தென்னை மட்டைகள் ஓரம் காய்கின்றன. ஒரு பாட்டில் நீரை ஆய்வகத்தில் கொடுத்தேன். குரோமியம் ‘கண்டறியும் எல்லைக்குக் கீழ்’ என்று அறிக்கை வந்தது. தோல் கழிவு எங்கள் நிலத்துக்கு வரவில்லை என்று கொள்ளலாமா?
(விவசாயி, பேர்ணாம்பட்டு)

பதில்: கொள்ள முடியாது. முதலில் அந்த அறிக்கையிலேயே கண்டறியும் எல்லை (அதாவது அந்தச் சோதனையால் காண முடிகிற மிகக் குறைந்த அளவு) எவ்வளவு என்று பாருங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆய்வகத்தின் எல்லையே 0.1 என்றிருந்தால் அந்த அறிக்கை உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

அடுத்தது, எதைத் தேடுகிறோம் என்பது. தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது மண்ணில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் சாதாரண உப்போ நீரோடு நீராக நெடுந்தூரம் போகும். ஆகவே பாலாற்றுப் படுகையில் முதலில் பார்க்க வேண்டியவை குளோரைடும் டி.டி.எஸ். அளவும் (நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு)தான். (இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு வேறு கதை. அதிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரைந்து நகரக்கூடியது, நஞ்சும் மிகுந்தது.)

ஒரே கிணற்றை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நம் பகுதியின் கடினப்பாறையில் இயற்கையாகவே உவர்நீர் உண்டு என்பதால், கழிவு எட்டாத மேட்டுப்புறக் கிணறு ஒன்றும் ஒப்பீட்டுக்கு வேண்டும். நீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை அறிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளிலாவது, இரவு முழுவதும் மோட்டாரை நிறுத்திவிட்டு விடியற்காலையில் நீர்மட்டத்தை அளந்து, கிணற்று வாய்களின் உயர வேறுபாட்டைக் கழித்துப் பார்க்க வேண்டும். பிறகு, உப்பு கூடக் கூட நீரின் மின்கடத்துத்திறனும் கூடும் என்பதால், அதை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளையும் ஓரிரு நாளில் சுற்றி வாருங்கள். அதில் 3,000 மைக்ரோசீமென்ஸ் காட்டினால் டி.டி.எஸ். லிட்டருக்கு ஏறத்தாழ 1,900 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோது குடிநீருக்கு அனுமதிக்கப்படும் உச்சவரம்பே 2,000தான். இந்த அளவுகளைப் புல வரைபடத்தில் குறித்தாலே உப்பு எங்கிருந்து பரவுகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். செலவு பிடிக்கும் ஆய்வகச் சோதனையை அதன் பிறகு, தேர்ந்தெடுத்த சில கிணறுகளுக்கு மட்டும் செய்தால் போதும்.

ஆழ்துளைக் கிணற்றில் தேங்கியிருந்த நீரைப் பிடிக்கக் கூடாது. ஆறரை அங்குலக் குழாயில் 30 மீட்டர் நீர் நின்றால் அதன் கொள்ளளவு சுமார் 640 லிட்டர். அதைப்போல் மும்மடங்கு, அதாவது ஏறக்குறைய 1,900 லிட்டர் வெளியேறி, பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு), வெப்பநிலை, மின்கடத்துத்திறன் மூன்றும் ஒரே நிலையில் நின்ற பிறகே பாட்டிலை நீட்ட வேண்டும். கரைந்த உலோகத்தை அறிய வேண்டுமானால் அந்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, பி.எச். 2-க்குக் கீழே இறங்கும் வரை நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு ‘இல்லை’ என்று வரலாம்; வடிக்காமல் சேர்த்தால் சேற்றிலுள்ளதும் கரைந்து கூடுதலாகக் காட்டும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான பாட்டிலில் மட்டும் அமிலமே கூடாது; பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும்.

கேள்வி: வேளாண்மைத் துறையில் உரப் பரிந்துரைக்கு மண் எடுப்பதுபோலவே இதற்கும் எடுக்கலாமா?
(வாசகி, மேல்விஷாரம்)

பதில்: வேண்டாம், அம்மா. அங்கே வயலில் பல இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து அரைக் கிலோவாகக் குறைப்பார்கள். உரத்துக்கு அது சரி. மாசு ஆய்வில் அப்படிக் கலந்தால், கழிவு தேங்கிய மூலை நல்ல மண்ணுக்குள் மறைந்துபோகும். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் 0-15, 15-30, 30-60 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியே எடுத்துத் தனித்தனிப் பைகளில் இடுங்கள். குழிக்குக் குழி கருவியைக் கழுவுங்கள். குரோமியப் பூச்சுள்ள பளபளக்கும் கருவிகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. குரோமியம் எல்லா மண்ணிலும் இயல்பாகவே சிறிதளவு உண்டு என்பதால், அதே வகை மண்ணுள்ள பாதிக்கப்படாத நிலத்திலும் ஒரு மாதிரி எடுத்தாக வேண்டும்.

கேள்வி: நாங்களே எடுத்த மாதிரி வழக்கில் செல்லுமா?
(வாசகர், வேலூர்)

பதில்: ஆலையின் கழிவுநீர் மாதிரிக்கு 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தனி நடைமுறை வைத்திருக்கிறது: முன்னறிவிப்பு தந்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் பெற வேண்டும். இது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. நீங்கள் பிடித்த பாட்டில் அதற்கு ஈடாகாது. ஆனால் வாரியம் எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்று காட்ட உங்கள் வரைபடம் பெரிதும் உதவும். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது, ஒவ்வோர் அளவுக்கும் நேரே தேதி, கிணற்றின் ஆழம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றை எழுதி அதனுடன் இணைத்துக் கொடுங்கள்.