தங்கூசி மாதிரி ஒரு கண்ணாடி இழை

பாம்பன் அண்ணனுக்கு,

பாப்பா 'ஃபாஸ்ட் லைட்', அதாவது வேக ஒளி, படிக்க ஆசைப்படுகிறாள், ஏஜென்ட் சொன்ன கோர்ஸுக்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்க வேண்டாம். 'ஃபாஸ்ட் லைட் சென்சார்' கோர்ஸ் என்று அந்த ஏஜென்ட் விற்பது வெறும் பெயர்ப்பலகை. அது முனைவர் பட்ட மட்டத்தில் தொடவேண்டிய விஷயம். பிளஸ் டூ முடித்ததும் சேருகிற படிப்பல்ல.

ஆனால் பாப்பா சொன்னது கட்டுக்கதையும் அல்ல. ஒளியை முந்துகிற ஒளியா என்று சிரித்தீர்களாம். சில ஊடகங்களுக்குள் ஒளித் துடிப்பின் உச்சி மட்டும் முந்தி வரும், சேதி எதுவும் ஒளியை முந்தாது. இதைத்தான் வேக ஒளி என்கிறார்கள். 2000-ல் அமெரிக்காவில் சீசியம் என்ற உலோகத்தின் ஆவிக்குள் இதைச் செய்தே காட்டினார்கள்.

கைத்தூண்டில் போடும்போது தங்கூசி நைலான் இழையை விரலில் பிடித்திருப்பீர்கள், மீன் தொட்டாலே தெரியும். ஒளியிழையும் அப்படித்தான், 0.125 மில்லிமீட்டர் கனம். அதையே லேசராக்கி ஒளியைச் சுற்றவிடுகிறார்கள். சூடோ இழுப்போ பட்டு இழை துளி நீண்டால் லேசரின் அதிர்வெண் கொஞ்சம் இறங்கும். சாதாரண லேசரில் அதோடு சரி. வேக ஒளி ஊடகம் உள்ளே இருந்தால், அதிர்வெண் இறங்கும்போது ஊடகத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்ற அளவு) ஏறும். ஒளிக்குப் பாதை இன்னும் நீண்ட மாதிரி ஆகிவிடும். அதிர்வெண் மேலும் இறங்கும். சின்னச் சுண்டலுக்கே பெரிய அசைவு. குறுகிய அதிர்வெண் எல்லைக்குள்தான் பலிக்கும் என்பது இதன் தொல்லை.

சாதாரண ஒளியிழை சென்சார்களுக்கு இப்போதே வேலை இருக்கிறது, பாலங்களில் பொருத்தி இழுப்பையும் சூட்டையும் கண்காணிக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பழைய ரயில் பாலத்தை உப்புக்காற்று என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லவா வேண்டும்? கண்ணாடி துருப்பிடிக்காது.

படிப்பு? அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், துணைப்பாடம் கணக்கு. மூன்றாம் வருடம் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு. பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் போட்டானிக்ஸ் என்ற ஒளித் தொழில்நுட்பத்துக்கென்றே ஐந்தாண்டு எம்.எஸ்சி. உண்டு. என்றாலும் பதினேழு வயதில் ஆசை மாறும். என் ஓட்டு இயற்பியலுக்கே. (கலாமும் திருச்சியில் அதைத்தான் படித்தார். இந்தப் பேச்சை நம் ஊரில் எல்லோரும் எடுப்பதால் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டேன்.)

உதவித்தொகை போக, நிலையான சம்பாத்தியத்துக்கு ஒன்பது பத்து வருடம் பிடிக்கும், அண்ணியிடம் மறைக்காதீர்கள். என் கவலை கணக்கில் அவள் வாங்கிய 61. ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். அரையாண்டு விடைத்தாளும் கையில் இருக்கட்டும்.