ஒரே அறையில் உதயமும் அஸ்தமனமும்: கன்னியாகுமரியில் பணம் கட்டும் முன்

ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசி வாரம் அவர்களுக்குத் திருமணமாகி 25 வருடம். மனைவியோடு கன்னியாகுமரிப் பக்கம் இரண்டு இரவு சொகுசாகத் தங்க ஆசை, மற்ற விடுதிகளைப் போல இருக்கக்கூடாது, நினைவில் நிற்க வேண்டும். ஏஜென்ட் ஒருவர் “கோவளம் கடற்கரையில் பாரம்பரிய ரிசார்ட், ஐந்து நட்சத்திரத் தரம், ஒரே அறையிலிருந்து சூரிய உதயமும் அஸ்தமனமும், இரவுக்கு 14,500 ரூபாய், இன்று மாலைக்குள் முழுப் பணமும் ஜிபேயில் போட்டால்தான் அறை” என்கிறாராம். போடலாமா?

போடாதீர்கள் சார். இன்று மாலைக்குள் என்று நெருக்குகிறவரிடம் பெரும்பாலும் அறையே கையில் இருக்காது. உங்கள் பணம் வந்த பிறகுதான் விடுதிக்குப் போன் போட்டுப் பேரம் பேசுவார். பணம் போகும் கணக்கு விடுதியின் பெயரில் இல்லாமல் ஒரு தனி ஆள் பெயரில் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டு ஏமாந்தவர்கள் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அடுத்து, எந்தக் கோவளம்? எங்கள் மாவட்டத்தில் கன்னியாகுமரிக்கு மேற்கே கோவளம் என்று ஒரு மீனவ கிராமம் இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் புகழ்பெற்ற கோவளம் வேறு, சென்னைக்குத் தெற்கே இருப்பது வேறு. கேரளக் கோவளத்தின் படத்தைக் காட்டிக் கன்னியாகுமரி என்று விற்பதும் உண்டு, வந்து இறங்கிய பிறகு பார்த்தால் விவேகானந்தர் பாறைக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். முகவரியில் பின்கோடு கேளுங்கள். 629 என்று தொடங்கினால் குமரி மாவட்டம், 695 என்றால் திருவனந்தபுரம். விடுதியின் லேண்ட்லைன் 04652 என்று தொடங்கினால் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கம். அந்த எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, இந்த ஏஜென்ட் உங்களுக்குத் தெரிந்தவரா, என் பெயரில் அறை இருக்கிறதா என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, அந்த உதய அஸ்தமன விஷயம். இதில் ஏஜென்டை முழுப் பொய்யர் என்றும் சொல்லிவிட முடியாது. டிசம்பர் கடைசியில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைகிறது. அதனால் முனைக்குப் பக்கத்தில், நேர் தெற்கு பார்த்த, வெளியே நீட்டிய பால்கனி உள்ள அறையாக இருந்தால், பக்கத்துக் கட்டடமும் மறைக்காமல் இருந்தால், பால்கனியில் நின்று இடப்பக்கம் கழுத்தைத் திருப்பி உதயத்தையும் வலப்பக்கம் திருப்பி அஸ்தமனத்தையும் பார்த்துவிடலாம். இத்தனை ‘இருந்தால்’ இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இதே அறையை மே மாதம் எடுத்தால் இரண்டும் கிடையாது, சூரியன் அப்போது வடக்கே தள்ளி உதித்து, சாயங்காலம் கரைப் பக்கம் மறையும், கடலில் விழாது. ஆனால் விளம்பரத்தில் பன்னிரண்டு மாதமும் ஒரே வாசகம்தான். கிழக்கு பார்த்த அறை என்றால் உதயம் மட்டும், அஸ்தமனத்துக்கு மொட்டைமாடி. அதிலும் குறை ஒன்றுமில்லை, ஆனால் அதற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே விடுதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அறையைத் தேர்ந்தெடுங்கள். எந்த மாடி, எந்தத் திசை, அறை எண் என்ன, பால்கனி உண்டா, எதிரே என்ன இருக்கிறது என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ‘ஸீ வியூ’ என்றால் இரண்டு தண்ணீர்த் தொட்டிக்கு நடுவே ஒரு நீலக் கீற்று தெரிந்தாலும் அது ஸீ வியூதான். ‘ஸீ ஃபேசிங்’, அதாவது கடலை நேரே பார்த்த அறை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் அந்த அறையிலிருந்தே வீடியோ அழைப்பில் சன்னலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

‘ஐந்து நட்சத்திரத் தரம்’ என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. நட்சத்திரம் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகம், அதுவும் விடுதிக்காரர் விரும்பி விண்ணப்பித்தால்தான், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழின் நகலைக் கேளுங்கள். ‘தரம்’ என்று பின்னால் ஒட்டிவிட்டால் எவரும் வந்து கேட்பதில்லை, அதைக் கேட்க வேண்டியவர்கள் பயிற்சிப் பட்டறையும் பதாகையுமாகக் காலத்தை ஓட்டுகிறார்கள். பாரம்பரியம் என்பதும் இப்படித்தான். அமைச்சகக் கணக்கில் பாரம்பரிய விடுதி என்றால் 1950-க்கு முன் கட்டிய கட்டடமாக இருக்க வேண்டும். இங்கே போன வருடம் போட்ட கான்கிரீட் தூணுக்கு மரப்பலகை ஒட்டி, வாசலில் ஓர் உருளியில் பூவை மிதக்கவிட்டால் பாரம்பரியம். வழியில் பத்மநாபபுரம் அரண்மனையை ஒருமுறை பாருங்கள் (திங்கட்கிழமை விடுமுறை), நிஜ மரவேலை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

பணக் கணக்கு. 14,500 என்பது வரி சேர்த்தா, சேர்க்காமலா? 2025 செப்டம்பர் 22 முதல் அறை வாடகை நாளுக்கு 7,500 வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் மொத்தத்துக்கும் 18. சேர்க்காமல் என்றால் உங்கள் அறை வரியோடு 17,110 ஆகும். 7,500 ரூபாய் அறை 7,875-இல் முடியும், 7,600 ரூபாய் அறையோ 8,968. நூறு ரூபாய்க்கு ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம், இந்த எல்லையில் விலை சொல்கிறவரிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். இன்னொன்று, 24-ஆம் தேதியும் 31-ஆம் தேதியும் பல பெரிய விடுதிகளில் ‘காலா டின்னர்’ என்ற பண்டிகை இரவு விருந்து கட்டாயம், தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம், செக்-இன் செய்யும்போதுதான் வாயைத் திறப்பார்கள். முன்கூட்டியே கேளுங்கள்.

நீங்கள் வரும் வாரம் ஐயப்ப பக்தர்கள், கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை எல்லாம் சேர்ந்து கன்னியாகுமரி ஊருக்குள் நடக்க இடமிருக்காது. திருமண நாளைத் தள்ள முடியாது, தெரியும். முனையை விட்டு முட்டம், சங்குத்துறைப் பக்கம் அமைதியாகத் தங்கிக்கொண்டு பாறைக்கு மட்டும் காலையிலேயே வந்து போவது என் யோசனை. கடற்கரைக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் ஒலிபெருக்கி இரவு முழுக்கப் பாடும், தேவாலயத்துக்கு எத்தனை தூரம் என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் சீறினால் படகை நிறுத்திவிடுவார்கள், பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே உள்ள கண்ணாடிப் பாலத்தில் நடக்கவும் படகில்தான் போக வேண்டும், அதனால் முதல் நாளே பாறையைப் பார்த்துவிடுங்கள். காலை உணவில் எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப் பழம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஆப்பிளும் பப்பாளியும்தான் என்றால் நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போங்கள்.