ஏழே வாரத்தில் அடைத்த அட்வான்ஸ்

கேள்வி: திருப்பூரில் 20 மெஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போகும் டெய்லர்களில் நாலைந்து பேர் திரும்புவதில்லை. யார் போவார் என்று முன்பே கண்டுபிடிப்பது எப்படி? போனஸில் பாதியைப் பொங்கலுக்குத் தரலாமா? எல்லாரையும் குறை சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக இருக்கும் என் பிளாட்லாக் (விளிம்பு மடித்துத் தைக்கும் மெஷின்) டெய்லர், மகள் சடங்குக்கு வாங்கிய 40,000 ரூபாய் அட்வான்ஸை ஏழே வாரத்தில் அடைத்துவிட்டார். தங்கமான மனுஷர்!
- பெயர் வேண்டாம்

பதில்: அந்தத் தங்கமான மனுஷர்தான் முதலில் கிளம்பப் போகிறவர். வாரம் 2,000 பிடித்தால்கூட 20 வாரம் ஆகும் கடன் அது. ஏழு வாரத்தில் அடைக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? வேறு கம்பெனி கொடுத்திருக்கலாம்; வீட்டு நகை அடகுக்குப் போயிருக்கலாம். நாணயமானவன் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் போவான். கடிதத்தில் தொகை இருக்கிறது, நீங்கள் சடங்குக்குப் போனதாக ஒரு வரி இல்லை. உங்கள் ஷிப்மென்ட்டுக்கு நைட் நின்றவர் வீட்டு விசேஷத்தில் முதலாளி குடும்பத்தோடு பந்தியில் உட்கார வேண்டும். அது கடமை.

போனஸைப் பிடித்து வைப்பது தப்பு. மார்ச்சில் கணக்கு முடிந்தால் நவம்பர் 30-க்குள் கொடுத்தாக வேண்டும், சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம்.

ஆறு மாத வருகைப் பதிவேட்டை எடுங்கள். ஓ.டி. நின்றவர் நிற்காமல் போவது, திங்கள் லீவு கூடுவது, பி.எஃப். கணக்கு சரியா என்று ஆபீஸில் விசாரிப்பது, மெஷின் டிராயரில் கிடந்த சொந்தக் கத்திரி வீட்டுக்குப் போவது: ஒன்று மட்டும் தெரிந்தால் விடுங்கள், ஒரே மாதத்தில் மூன்று சேர்ந்தால் பேசுங்கள். யார் யாரோடு தங்குகிறார்கள் என்றும் எழுதுங்கள். ஒரே லைன் வீட்டில் பொங்கித் தின்னும் நாலு பேரில் ஒருவர் போனால் நாலு பேரும் போவார்கள். சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பலர் போவதற்கு அவர் வாயே காரணம்.

ஒவ்வொரு டெய்லர் பெயருக்குப் பக்கத்திலும், அவர் போனால் எந்த வேலை நிற்கும் என்று குறியுங்கள். பாட்டம் (டி-ஷர்ட்டின் கீழ் விளிம்பு) மடிக்க ஒருவர்தான் என்றால், அவர் வராத அன்று லைனே உட்கார்ந்துவிடும். இன்னொருவரைத் தினமும் அரை மணி நேரம் பழக்குங்கள். ஆனால் பழையவரிடம் சொல்லிவிட்டு, சொல்லிக்கொடுக்கக் கூலியும் கொடுத்துப் பழக்குங்கள். இல்லாவிட்டால் தன்னைக் கழட்டிவிடப் பார்க்கிறீர்கள் என்றே நினைப்பார்.

இந்த ஞாயிறு மனைவியோடு அந்தப் பிளாட்லாக் டெய்லர் வீட்டுக்குப் போங்கள். நகை அடகில் இருந்தால் மீட்டுக் கொடுத்து, வாரம் 2,000 பிடியுங்கள். வேறு கம்பெனிப் பணம் என்றால், அவருக்குப் புது பீஸ் ரேட்டை (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) முடிவு செய்துகொண்டு போங்கள்.