கழற்றிப் பூட்ட அங்கே கார்ட் இல்லை, தம்பி

கேள்வி: புதுக்குடியிருப்பில் கலியாணவீடு, சாமத்தியவீடுகளுக்கு வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறேன். என் லப்டொப் ஐ5 8250யு, 8 ஜிபி ரம். கிரபிக்ஸ் 'யூஎச்டி 620' என்று காட்டுகிறது. டாவின்சி ரிசோல்வில் கிளிப்பை ஓடவிட்டால் விக்கி விக்கி நிற்கிறது. கிரபிக்ஸ் கார்டை மாற்றலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. மாற்றுவதற்கு உங்கள் லப்டொப்பில் கார்ட் என்று தனியாக ஒன்று கிடையாது. யூஎச்டி 620 புரொசசருக்குள்ளேயே இருக்கிறது. என்விடியா தனியாக உள்ள லப்டொப்புகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். சிப்பை மதர்போட்டிலேயே ஈயம் பிடித்து ஒட்டிவிடுவார்கள். "சிப் மாற்றித் தருகிறோம்" என்று கடையில் சொன்னால், அது பழுதான சிப்புக்குப் பதிலாக அதே சிப்பை வைக்கிற வேலை. அதைவிடக் கூடின சிப்புக்குக் கரண்ட் கொடுக்கவும் சூட்டை வெளியேற்றவும் அந்த போட்டில் வசதி இராது, லப்டொப்பைத் தொடக்கிவைக்கிற மென்பொருளான பயோஸும் அதை அடையாளம் காணாது. இதை நம்பி முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள்.

கழற்றிப் பூட்டக்கூடியவை இல்லாமலும் இல்லை. பழைய டெல் பிரிசிஷன், ஏலியன்வேர் மொடல்கள் சிலவற்றில் எம்எக்ஸ்எம் என்ற தனி கார்ட் வந்தது. இப்போது பிறேம்வேர்க் 16 என்ற லப்டொப்பும் கழற்றிப் பூட்டும்படிதான் வருகிறது. உங்களுடையது அந்தச் சாதி இல்லை.

வெளியே பெட்டியில் கார்ட் வைத்து இணைக்கும் வழி ஒன்று உண்டு. அதற்கு தண்டர்போல்ட் என்ற வேகமான போர்ட் வேண்டும். பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள். டைப் சி எல்லாம் தண்டர்போல்ட் ஆகாது. அது இருந்தாலும் டெஸ்க்டொப்பில் தரவு போக 16 பாதையில் ஓடுகிற கார்ட் இங்கே 4 பாதையில்தான் ஓடும். பெட்டி, பவர் சப்ளை, கார்ட் மூன்றுக்கும் கொடுக்கிற காசுக்கு செக்கன்ட் ஹான்ட் டெஸ்க்டொப் ஒன்றையே பார்க்கலாம். பின்மூடியைத் திறந்து எஸ்எஸ்டி சிலொட்டிலிருந்து வெளிக் கார்டுக்கு வயர் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குச் சரி, கலியாண சீசனில் அதை நம்பி அட்வான்ஸ் வாங்க முடியாது.

என் கணிப்பில் உங்கள் சிக்கல் கார்டில் மட்டும் இல்லை. யூஎச்டி 620க்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரம்மிடம் கடன் வாங்கித்தான் வேலை செய்கிறது. ரிசோல்வோ 16 ஜிபி கேட்கிற மென்பொருள். இருக்கிற 8 ஜிபியில் விண்டோஸ், ரிசோல்வ், கிரபிக்ஸ் மூன்றும் பங்கு போட்டால் விக்காமல் என்ன செய்யும்? டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து இரண்டு சிலொட்டில் ஒன்றுதான் பாவனையில் இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். அளவு கூடுவது ஒருபுறம். ஒற்றை டிடிஆர்4 2400 ரம்மில் செக்கனுக்கு 19.2 ஜிபியாக இருந்த பாதை, இரண்டு சேர்ந்தால் 38.4 ஆகும். அந்த அகலம் கிரபிக்ஸுக்கு நேரடி லாபம்.

அதற்குமுன் காசில்லாத வைத்தியம் ஒன்று. கமராவின் பதிவு செட்டிங்கில் எச்265, 10 பிட் 4:2:2 என்ற, நிறத்தைக் கூடுதலாகப் பிடித்து இறுக்கிச் சுருக்கும் வகையை வைத்து எடுக்கிறீர்களா? அந்த வகையை யூஎச்டி 620 வன்பொருளால் திறக்காது, முழுச் சுமையும் புரொசசர் தலையில். கிளிப்புகளைத் தெரிவுசெய்து வலது கிளிக்கில் 'ஜெனரேட் புரொக்சி மீடியா' கொடுங்கள். இரவு படுக்கப் போகமுன் ஓடவிட்டால் விடியச் சின்னப் பிரதிகள் தயாராக இருக்கும். டைம்லைனை 1080இல் வைத்து அந்தப் பிரதிகளிலேயே வெட்டுங்கள். ரெண்டர் செய்யும்போது 'யூஸ் புரொக்சி மீடியா' என்ற பெட்டியில் சரி போடாவிட்டால் மூலக் கிளிப்பிலிருந்துதான் வெளிவரும், தரம் குறையாது.

சூட்டையும் மறக்க வேண்டாம். எங்கள் செம்மண் புழுதி விசிறியை ஒரு வருசத்தில் அடைத்துவிடும், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வேலை செய்தால் சொல்லத் தேவையில்லை. சூடு ஏறினால் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியைத் துப்புரவாக்கித் புரொசசர் சூட்டைக் கடத்துகிற தேர்மல் பேஸ்ட் பசையைப் புதிதாகப் பூசுவது சின்னச் செலவு.

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால் டெஸ்க்டொப்தான், கூடவே யூபிஎஸ் ஒன்றும். பாதி ரெண்டரில் கரண்ட் போனால் மாப்பிள்ளை வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

ரம் வாங்கப் போகும்போது பழைய ரம்மைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். சில மொடல்களில் ரம்மையும் போட்டிலேயே ஒட்டியிருப்பார்கள், ஆகவே விலை கேட்கமுன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்.